ஒரு வாணலி, இரண்டு வேகம்: சாசேஜும் உருளைக்கிழங்கும்

சாசேஜையும் உருளைக்கிழங்கையும் ஒரே வாணலியில் சமைத்து இரவு உணவை முடிப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கடிதங்கள் பலவாக இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை சொல்லும் குறை ஒன்றுதான்: கிழங்கு வேகும்போது சாசேஜ் காய்ந்துவிடுகிறது, சாசேஜ் பதமாக இருக்கும்போது கிழங்கு வேகவில்லை.

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பியபின் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் நான்கு பேருக்கு உணவு தயாராக வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் சாசேஜ் துண்டுகளையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகவே போட்டு வதக்குகிறேன். சாசேஜ் கருகத் தொடங்கும் நேரத்திலும் கிழங்கின் நடுப்பகுதி நறுக்கென்று கடிபடுகிறது. என்னிடம் ஓவன் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரே வாணலி என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று பொருள் கொள்ளாதீர்கள்; உங்கள் சிக்கலுக்கு வேர் அதுதான். உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அதற்குள் இருக்கும் மாவுச்சத்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கிவிடும் என்றாலும், கிழங்கு மென்மையாவதற்கு அது மட்டும் போதாது. அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் இளக வேண்டும். அதற்குத் துண்டின் நடுப்பகுதி 85 டிகிரிக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். சாசேஜோ, பன்றி அல்லது மாட்டிறைச்சியில் செய்ததாக இருந்தால், நடுவில் 71 டிகிரியைத் தொட்டதும் வெந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே தொடங்கினால் கிழங்குக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் சாசேஜ் தன் சாற்றை இழந்துகொண்டிருக்கும்.

ஆகவே நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். நால்வருக்கு 800 கிராம் உருளைக்கிழங்கு, வேகாத சாசேஜ் 500 கிராம், இரண்டு வெங்காயம், ஒரு குடைமிளகாய், நான்கு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். வாணலி 28 முதல் 30 சென்டிமீட்டர் அகலமும் தட்டையான அடியும் பொருத்தமான மூடியும் உடையதாக இருக்கட்டும். முதலில் சாசேஜ்களை முழுதாகவே, மிதமான தீயில், சிறிது எண்ணெயில் ஆறேழு நிமிடம் புரட்டிப் புரட்டி வெளிப்புறம் மட்டும் சிவக்கவிட்டு ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். உள்ளே அது இன்னும் வேகவில்லை என்பதால், அந்தத் தட்டைக் கழுவாமல் பரிமாறுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. சாசேஜ் சிவக்கும் அந்த நேரத்திலேயே கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிவிடலாம். நறுக்கிய துண்டுகள் ஒரே அளவில் இருப்பது வேறெந்த நுணுக்கத்தையும்விட முக்கியம்.

சாசேஜ் விட்டுச்சென்ற கொழுப்போடு மீதி எண்ணெயையும் சேர்த்து, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, உப்புத் தூவி, ஐந்து நிமிடம் கிளறாமல் விடுங்கள். ஒரு பக்கம் பொன்னிறமானதும் புரட்டி மேலும் மூன்று நிமிடம் வதக்கி, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி எட்டு நிமிடம் வேகவிட வேண்டும். உங்கள் வாணலியில் விடுபட்டுப்போவது இந்த மூடிய எட்டு நிமிடம்தான். எண்ணெய் கிழங்கின் மேற்பரப்பைத்தான் விரைவாகச் சூடாக்கும். மூடிக்குள் சூழும் ஆவியோ துண்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சூட்டைச் செலுத்துவதால், மேற்புறம் கருகாமலே நடுப்பகுதி வெந்துவிடுகிறது. மூடியைத் திறந்து, கத்தி முனை தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்து, இறங்கினால் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் சேர்த்து ஐந்து நிமிடம் வதக்குங்கள். பூண்டு விரைவில் கருகிக் கசக்கும் என்பதால் அதைக் கடைசி ஒரு நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். பிறகு சாசேஜ்களைத் தட்டில் ஊறியிருக்கும் சாற்றோடு திரும்பப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, ஏழெட்டு நிமிடம் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும். இறக்கியபின் மிளகுத்தூளும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேருங்கள். கொழுப்புச் சுவை மிகுந்த இந்த உணவை அந்தச் சிறு புளிப்பு தூக்கி நிறுத்தும்.

ஏற்கெனவே வேகவைத்த அல்லது புகையூட்டிய சாசேஜாக இருந்தால் வேலை இன்னும் எளிது. அதை வட்டமாக நறுக்கி, கிழங்கு வெந்தபின் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வதக்கினால் போதும். பொட்டலத்தின் மீது எப்படி எழுதியிருக்கிறது என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள். இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுண்டு.

கேள்வி: எந்த உருளைக்கிழங்கு ஏற்றது? தோலை நீக்க வேண்டுமா?

பதில்: வெந்தாலும் வடிவம் குலையாத, மாவுச்சத்துக் குறைந்த கிழங்கே வாணலிக்கு ஏற்றது. வெந்ததும் பொலபொலவென்று உதிரும் வகை ஓவனில் அருமையாக மொறுமொறுக்கும் என்றாலும் வாணலியில் கிளறும்போது கரைந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். கையில் உதிரும் வகைதான் இருக்கிறதென்றால், நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் இருமுறை அலசி மேற்பரப்பில் படிந்த மாவை நீக்கி, துணியில் நன்றாகத் துடைத்தபின் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் அந்த நீர் ஆவியாகி முடியும்வரை கிழங்கு சிவக்காது. தோல் மெல்லியதாக இருந்தால் கழுவினால் போதும், நீக்க வேண்டியதில்லை.

பச்சை நிறம் படிந்த கிழங்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சை வெறும் பச்சையமே என்றாலும், வெளிச்சம் பட்டு அது உண்டாகும்போது சோலனைன், சாகோனைன் என்ற நச்சுப் பொருள்களும் கூடியிருக்க வாய்ப்புண்டு. சமையல் சூடு அவற்றை அழிப்பதில்லை. சிறிதளவு என்றால் அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள். பெரும்பகுதி பச்சையாகவோ சுவையில் கசப்பாகவோ இருந்தால் முழுக் கிழங்கையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சாசேஜ் வெடித்துவிடக் கூடாது என்று முள்கரண்டியால் குத்திவிட்டுத்தான் வாணலியில் போடுகிறேன். ஆனாலும் சில வெடிக்கின்றன, மற்றவை சக்கையாகிவிடுகின்றன.

பதில்: குத்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சாசேஜின் உறை சூட்டில் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் இறைச்சியின் நீரோ ஆவியாகி விரிகிறது. தீ கடுமையாக இருந்தால் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வேகமாக நடந்து உறை கிழிகிறது. நீங்கள் போடும் துளைகள் வழியே கொழுப்பும் சாறும் வெளியேறிவிடுவதால் வெடிக்காதவையும் உலர்ந்துபோகின்றன. குறைக்க வேண்டியது தீயைத்தான். இன்னும் நிதானமான ஒரு வழியும் உண்டு: சூடாக்காத வாணலியில் சாசேஜ்களை வைத்து, அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி, இளந்தீயில் ஏழெட்டு நிமிடம் வேகவிட்டு, பிறகு மூடியை எடுத்துத் தண்ணீர் வற்றியதும் அதே கொழுப்பில் சிவக்கவிடுங்கள். உறை மெல்ல மெல்லச் சூடாவதால் பெரும்பாலும் கிழியாது. இப்படிச் செய்தவற்றைக் கிழங்கோடு திரும்பச் சேர்த்தபின் மூன்று, நான்கு நிமிடம் வைத்தாலே போதுமானது.

கேள்வி: அரை மணி நேரம் சமைத்தபிறகும் சாசேஜ் உள்ளே இளஞ்சிவப்பாகவே இருந்தது. பயந்து கொட்டிவிட்டேன். நான் செய்தது சரியா?

பதில்: நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதுதான் நேர்மையான பதில். நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய சாசேஜ் எவ்வளவு வெந்தாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். சில வகை இறைச்சி வேகும் முன்பே பழுப்பாகிவிடவும் கூடும். உணவுக்கென்று விற்கும் முனைக்கம்பி வெப்பமானி ஒன்றை வாங்கி, சாசேஜின் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் நடுப்பகுதிவரை செருகிப் பாருங்கள். பன்றி, மாடு, ஆடு என்றால் 71 டிகிரி செல்சியஸ். கோழி, வான்கோழி என்றால் 74 டிகிரி. முழு இறைச்சித் துண்டுக்கு இதைவிடக் குறைந்த சூட்டை ஏற்கும்போது சாசேஜுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு என்று கேட்கலாம். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும், அது முதலில் சூடாகிவிடும். கொத்தி அரைக்கும்போதோ வெளிப்புறம் உட்புறம் என்ற வேறுபாடே அழிந்து, மேற்பரப்பில் இருந்தவை நடுவரை கலந்துவிடுகின்றன. அதனால் நடுப்பகுதியின் சூடே நமக்கு அளவுகோல்.

கேள்வி: சுவைக்காகத் தக்காளியும் எலுமிச்சைச் சாறும் முதலிலேயே சேர்த்தேன். முக்கால் மணி நேரம் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகவே இல்லை. கிழங்கு பழையதாக இருந்திருக்குமோ?

பதில்: வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இது, ஏனெனில் பலரும் கிழங்கின் மீது சுமத்தும் பழியை உண்மையில் ஏற்க வேண்டியது புளிப்பு. மேலே சொன்ன பெக்டின் நடுநிலையான நீரில் சூடேறும்போது உடைந்து இளகும். நீர் புளிப்பாக மாறினால் அந்த உடைவு பெரிதும் மெதுவாகிவிடும். தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். நீங்கள் இன்னும் அரை மணி நேரம் கொதிக்கவைத்திருந்தாலும் துண்டுகள் ஓரத்தில் விறைப்பாகவே நின்றிருக்கும். ஆகவே புளிப்பான எதையும் கிழங்கு முழுதாக வெந்தபின்னரே சேருங்கள். தக்காளி வேண்டுமென்றால் வெங்காயம் வதங்கியபின் சேர்த்து, அது கரைந்ததும் சாசேஜைத் திரும்பப் போடலாம்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்த முடியும். துண்டுகள் குழையாமல் நிற்க வேண்டும் என்று விரும்பினால், வேகவைக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்ப்பார்கள். நேர்மாறாக, ஓவனில் வைக்கும் கிழங்கின் மேற்புறம் மொறுமொறுவென்று வர வேண்டுமென்றால், இரண்டு லிட்டர் கொதிநீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து அதில் துண்டுகளை எட்டு, பத்து நிமிடம் வேகவைத்து வடித்து, பாத்திரத்தோடு சேர்த்துக் குலுக்குவார்கள். சோடாவின் காரத்தன்மை மேற்பரப்பின் பெக்டினை விரைவாக உடைப்பதால் ஓரங்கள் கூழாகிச் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பு எண்ணெயை வாங்கிக்கொண்டு ஓவனில் தடித்த மொறுமொறுப்பான தோலாக மாறும். விடுமுறை நாளுக்கு ஏற்ற வேலை அது. வேலைநாள் இரவில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஓவனில் ஒரே தட்டில் செய்தால் நின்று கிளற வேண்டியதில்லை என்கிறார்கள். நான் செய்தபோது கிழங்கு அவித்ததுபோல் வெளுத்தே வந்தது. ஏன்?

பதில்: தட்டு நிறைய அடுக்கியிருப்பீர்கள். உணவின் மேற்பரப்பு சிவந்து மணம் பெறுவது, சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதால் நிகழ்கிறது. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் பெயரால் இதனை மயார் வினை என்பார்கள். ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டிய பிறகே அது விறுவிறுப்பாக நடக்கும். துண்டுகள் ஒன்றையொன்று ஒட்டிக் குவிந்திருந்தால் அவற்றிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியின்றி அங்கேயே சூழ்ந்து நிற்கும்; நீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனுக்குள் வைத்தாலும் நீங்கள் செய்தது அவியல் வேலைதான். துண்டுகளுக்கு இடையே விரல் அகல இடைவெளி இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் இரண்டு தட்டுகளாகப் பிரியுங்கள்.

ஓவனை 200 டிகிரிக்கு, விசிறி உள்ள ஓவன் என்றால் 180 டிகிரிக்கு, முன்கூட்டியே சூடாக்கி, வெறும் தட்டையும் உள்ளேயே வைத்துக் காயவிடுங்கள். எண்ணெயும் உப்பும் புரட்டிய கிழங்கைச் சூடான தட்டில் கொட்டி, வெட்டிய முகம் அடியில் படும்படி பரப்பி, முதல் இருபது நிமிடம் கிழங்கை மட்டும் விடுங்கள். அதன்பின் கிழங்கைப் புரட்டி, சாசேஜ்களையும் தடிமனாக நறுக்கிய வெங்காயத்தையும் இடையிடையே வைத்து, மேலும் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வைத்தால் போதும். நடுவில் ஒருமுறை சாசேஜ்களைத் திருப்பிவிடுங்கள். ஓவனிலும் கிழங்கே முன்னால் செல்ல வேண்டும் என்பதை மறவாதீர்கள். பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது: மாவுச்சத்து மிகுந்த உணவு கடுஞ்சூட்டில் கருஞ்சிவப்பாகும்போது அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் உருவாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

கேள்வி: நான்-ஸ்டிக் வாணலியா, இரும்பு வாணலியா?

பதில்: கனமான வார்ப்பிரும்பு வாணலி குளிர்ந்த கிழங்கைக் கொட்டினாலும் சூட்டை எளிதில் இழக்காது, ஆகவே கிழங்கு நன்றாகச் சிவக்கும். நான்-ஸ்டிக் போதும் என்றால் அதைக் காலியாக வைத்துச் சூடாக்காதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். இரும்பிலோ எவர்சில்வரிலோ அடியில் பழுப்பாகப் பிடிப்பதைத் தேய்த்துக் கழுவ வேண்டிய அழுக்காக எண்ண வேண்டாம், சுவை முழுதும் அங்கேதான் இருக்கிறது. கிழங்கு வேகத் தெளிக்கும் தண்ணீரை ஊற்றியதும் மரக்கரண்டியால் சுரண்டினால் அது கரைந்து உணவோடு சேர்ந்துவிடும், வாணலியும் பாதி சுத்தமாகிவிடும்.

கேள்வி: இறைச்சி உண்ணாதவர்களுக்கான சாசேஜில் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். பெரும்பாலானவற்றில் உருகி வெளிவரும் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் கிழங்குக்கு எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். சாசேஜைத் தனியே சிவக்கவைத்து, பரிமாறும் முன் மட்டும் சேருங்கள். மூடி வேகவைத்தால் சில வகைகள் நீர் கோத்துக் குழைந்துவிடும்.

கேள்வி: எங்கள் மூன்று வயதுக் குழந்தைக்கும் இதைக் கொடுக்கலாமா? வாரம் ஒருமுறை செய்வதால் உடல்நலத்துக்குக் கேடு உண்டா?

பதில்: முதலில் குழந்தை. சாசேஜை வட்ட வில்லைகளாக நறுக்கிச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வடிவம் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக் கூடியது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்கி, கெட்டியான உறையாக இருந்தால் அதையும் உரித்துவிட்டுக் கொடுங்கள். உண்ணும்போது அருகிலேயே இருங்கள். இந்த ஒன்றை மட்டும் எந்த அவசரத்திலும் தவிர்க்காதீர்கள் என்று உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டும் என்றும் கணித்தது. இது ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மீதான உயர்வு, நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்பதல்ல. நாள்தோறும் உண்பதற்கும் வாரம் ஒருமுறை உண்பதற்கும் உள்ள தொலைவும் பெரிது. ஆயினும் அதனை அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம் என்றே சொல்வேன். உப்பும் கவனிக்க வேண்டியது: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவான உப்பே அந்நிறுவனத்தின் பரிந்துரை, சாசேஜிலோ ஏற்கெனவே உப்பு மிகுதி. அதனால் கிழங்குக்குப் போடும் உப்பைப் பாதியாக்கி, சாசேஜையும் 500 கிராமிலிருந்து 300 ஆகக் குறைத்து, அந்த இடத்தை முட்டைக்கோஸ், பீன்ஸ், வேகவைத்த வெள்ளைக் காராமணி போன்றவற்றால் நிரப்பலாம். சாசேஜின் கொழுப்பும் மணமும் கிழங்கு முழுதும் பரவியிருப்பதால் குறைத்தது பெரிதாகத் தெரிவதில்லை. என் வீட்டில் நான் இப்போது செய்வது இந்த அளவில்தான்.

கேள்வி: மீந்ததை மறுநாள் சூடாக்கினால் கிழங்கு சவசவவென்று ஆகிவிடுகிறது. எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரிக்குக் குறைவாக வையுங்கள், மூன்று நாளுக்குள் உண்டுவிடுங்கள். மூடும் முன் சூடு ஓரளவு ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மூடியில் கோக்கும் நீர் சொட்டிக் கிழங்கை நனைத்துவிடும். மறுநாள் மைக்ரோவேவைத் தவிர்த்து, வாணலியில் சிறிது எண்ணெய் காய்ந்ததும் கிழங்கை முதலில் போட்டு ஒரு பக்கம் மொறுமொறுப்பாகும்வரை கிளறாமல் விட்டு, அதன்பின் சாசேஜை நறுக்கிச் சேர்த்து நடுவரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். அதன் மீது ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடி, வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வைத்தால் அதுவே காலை உணவாகிவிடும்.